உலோகப் பொருளின் மேற்பரப்பு: ஒரு வரலாற்று நோக்கு

உலோகத்திற்கு உருவங் கொடுக்கும் முறைகள் பண்டுதொட்டு மூன்றெனக் கூறலாம். உருக்கி வார்த்தல், காய்ச்சி அடித்தல், வெட்டிக் கடைதல் என்பன அவை. சென்ற நூற்றாண்டின் இறுதியில் நான்காவதொன்று இவற்றோடு சேர்ந்தது. உலோகத் தூளைப் படைபடையாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் உருக்கி ஒட்டவைத்துப் பொருளை அடியிலிருந்து வளர்த்தெடுப்பதே அம்முறையாம். இதனைச் சேர்ப்பு உற்பத்தி என்றும் முப்பரிமாண அச்சு என்றும் வழங்குவர். வெட்டுங் கருவியும் அரமும் இனித் தேவைப்படா என்ற நம்பிக்கை இம்முறையோடு கூடவே பிறந்தது. அந்நம்பிக்கை முற்றாக நிறைவேறாமைக்குக் காரணம் யாது? மேற்பரப்பின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிக் காண்பார்க்கு அது புலனாகும்.

1840ஆம் ஆண்டிலே கிளாசுக்கோ நகரிற் கூடிய பிரித்தானிய அறிஞர் கழகத்தின் முன்னிலையில், யோசேப்பு விற்வேர்த் என்னும் பொறியியலாளர், மூன்று தட்டுக்களை ஒன்றோடொன்று ஒப்புநோக்கிச் சுரண்டி மெய்யான சமதளம் ஆக்கும் வழியை விளக்கினார். அவர் கருதியது பொறிகளின் பொருத்தமும் துல்லியமுமே. மேற்பரப்பு உயிரோடும் தொடர்புடையது என்பதை உணர்த்துதற்கு ஒரு பெருந்துயர் வேண்டியிருந்தது. 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் வேர்சேயிலிருந்து பாரிசு நோக்கிச் சென்ற புகைவண்டியின் எந்திரத்தில் அச்சொன்று முறிந்தது. வண்டிகள் ஒன்றன்மேலொன்று மோதித் தீப்பற்றின. ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். புகழ்பெற்ற கடலோடி தூமோன் துர்விலும் அவருள் ஒருவர்.

ஒருமுறை ஏற்றிய பாரத்தால் முறியாத அச்சு, பன்முறை ஏற்றி இறக்கிய பாரத்தால் முறிவது ஏன் என்பதைப் பிரசியாவில் ஓகஸ்ட் வோலர் பல்லாண்டு ஆராய்ந்தார். உலோகக் களைப்பு எனப்படுவது இதுவே. 1903இல் யூயிங், ஹம்பிரி என்னும் இருவர், மெருகிட்ட இரும்பை உருப்பெருக்கியால் நோக்கி, களைப்பின் முதற்கீறல்கள் மேற்பரப்பிலே தோன்றுவதைக் கண்டனர். அன்றுதொட்டு, மேற்பரப்பிலுள்ள சிறு பள்ளமும் முறிவின் வித்தாகலாம் என்ற அறிவு வலுப்பெற்றது. 1933ஆம் ஆண்டளவிலே அமெரிக்காவில் ஏணஸ்ட் அபொட் முதலியோர், நுண்ணிய ஊசியை மேற்பரப்பின்மீது இழுத்து அதன் மேடுபள்ளங்களை அளக்குங் கருவியை அமைத்தனர். விரல் நுனியாற் சொல்லிய கரடுமுரடு, அதன்பின் எண்ணாற் சொல்லப்பட்டது.

இந்நிலையிலேதான் புதிய முறை தோன்றிற்று. 1980களின் நடுப்பகுதியில் தெக்சாசுப் பல்கலைக் கழகத்தில் மாணவராயிருந்த காள் டெக்காட், தம் ஆசிரியர் யோ பீமனோடு சேர்ந்து, தூளை இலேசர் ஒளியால் ஒட்டவைக்கும் வழியை ஆக்கினார். யேர்மனியின் ஆகன் நகரிலுள்ள பிரவுன்கோபர் ஆராய்ச்சி நிலையத்தார் 1990களின் நடுப்பகுதியில் உலோகத் தூளை முழுதும் உருக்கும் முறையை வகுத்தனர். சுவீடனில் இலத்திரன் கற்றையால் உருக்கும் முறை வளர்ந்தது.

இவ்வாறு பிறந்த பொருளின் மேனி வழவழப்பாயிருப்பதில்லை. காரணங்கள் பல. சரிவான பக்கங்களிற் படைகளின் விளிம்புகள் படிக்கட்டுப்போல் நிற்கின்றன. உருகிய உலோகத்தின் ஓரத்தில் அரைகுறையாக உருகிய தூள்மணிகள் ஒட்டிக்கொள்கின்றன. கீழ்நோக்கிய பக்கமோ உறுதியான உலோகத்தின்மீதன்றித் தளர்ந்த தூளின்மீதே அமைகின்றது. தூள் வெப்பத்தை எளிதிற் கடத்தாமையால் உருகிய உலோகம் கீழிறங்கி மேலும் கரடாகின்றது. கடைந்த பொருளின் சராசரிக் கரடு பெரும்பாலும் 1 அல்லது 2 மைக்குரோமீற்றரளவினதாக, இலேசராலுருக்கிய பொருளில் அது 5 முதல் 20 வரையும், இலத்திரன் கற்றையாலுருக்கியதில் அதனினும் மிகுதியாகவுங் காணப்படுதல் வழக்கம். இத்தகைய மேற்பரப்போடு விடப்பட்ட தைத்தேனியக் கலப்புலோகம், கடைந்து மெருகிட்டதைக் காட்டிலும் மிகக் குறைந்த பாரத்திலேயே களைப்புற்று முறிகின்றது. வெப்பத்தோடு பேரமுக்கம் கொடுத்து உட்குழிகளை மூடலாம். மேற்பரப்பிற் றிறந்த பள்ளங்களை அது மூடமாட்டாது.

ஆகவே அரம் மீண்டும் வந்தது. மணியெறிதல், கடைதல், மின்னாற் கரைத்து மெருகிடல் என்பன அச்சிட்ட பொருளுக்கும் வேண்டியனவாயின. 2016இல் விமானச் சேவைக்கு வந்த லீப் என்னும் எந்திரத்தின் எரிபொருட் குழல்முனை இம்முறையால் ஆக்கப்பட்டது. முன்னர் ஏறத்தாழ 20 துண்டுகளாயிருந்த அது ஒன்றாயிற்று. ஆயின் இத்தகைய பொருள்களின் வளைந்த உள்வழிகளில் எந்த அரம் நுழையும்? தேய்க்கும் பொடி கலந்த பசையை அழுத்திச் செலுத்துதலும், அமிலங்களாற் கரைத்தலும் அதற்கென எழுந்த வழிகளாம்.

எனினும், கரடெல்லாம் குற்றமன்று. 2007ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவிலே இலத்திரன் கற்றையால் ஆக்கிய தைத்தேனிய இடுப்புமூட்டுக் கிண்ணங்கள் நோயாளர்க்குப் பொருத்தப்படலாயின. அவற்றின் வெளிப்புறம் வேண்டுமென்றே நுண்துளைகளோடு கரடாக விடப்படும். ஏனெனில் எலும்பு அதனுள் வளர்ந்து பற்றிக்கொள்கின்றது. அக்கிண்ணத்தினுள்ளே சுழலும் மூட்டுத்தலையோ கண்ணாடிபோல் மெருகிடப்படல் வேண்டும். ஒரே மூட்டில் ஒரு பக்கத்துக்குக் கரடு குணம். மறுபக்கத்துக்கு அதுவே கேடு.

இவ்வரலாறு நமக்குணர்த்துவது யாது? புதிய முறையொன்று உருவத்தை எளிதாக்கலாம். உருவானபின் செய்யவேண்டிய உழைப்பை அது நீக்கிவிடுவதில்லை. ஒவ்வொரு மேற்பரப்பும் தான் பிறந்த வகையின் சுவடுகளைத் தாங்கி நிற்கின்றது. அச்சுவடுகளுள் எதை நீக்கல் வேண்டும், எதை விடல் வேண்டும் என்பதை அப்பொருள் ஆற்றவேண்டிய பணியே வரையறுக்கும். இதனை மறந்து உருவத்தை மட்டும் நோக்குவோர், வேர்சேய்ப் பாதையில் மாண்டோரை ஒருமுறை நினைத்துப் பார்ப்பாராக.