ஊர் எல்லையில் நின்ற இழை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது. தொழிற்சாலைகளுக்கு இணையம் தடையின்றிக் கிடைக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில், பள்ளிகள் மூடியிருந்த 2020-ஆம் ஆண்டில், ஏரிக்கரை மேல் ஏறி நின்று அலைபேசியில் பாடம் கேட்ட மாணவி ஒருத்தியைக் கண்டேன். வீட்டினுள் அலை எட்டவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் கடலடியில் வந்த வடம் 2002-ஆம் ஆண்டிலேயே சென்னையைத் தொட்டுவிட்டது. அவள் வீட்டை மட்டும் ஏன் தொடவில்லை?

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வழங்கத் தொடங்கிய நாள் 1995 ஆகஸ்டு 15. சென்னையும் அப்போதே இடம்பெற்றது. ஆனால் ஆண்டுக் கட்டணம் ஆயிரக்கணக்கில் இருந்தது; தொலைபேசிச் செலவு வேறு. சிற்றூர்களிலோ தொலைபேசியே அரிது.

அக்காலத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா எழுப்பிய வினா, கணக்கு ஆசிரியனாகிய எனக்கு மிகப் பிடித்தது. எவ்வளவு வேகம் என்று அவர் முதலில் கேட்கவில்லை. எவ்வளவு விலை என்றே கேட்டார். ஒரு தொலைபேசி இணைப்பை அமைக்க அப்போது 30,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. அதனை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாலொழிய எளியோர் வாங்க இயலாது என்பது அவர் கணக்கு. மண்ணைத் தோண்டிச் செப்புக் கம்பி புதைப்பதே பெருஞ்செலவு. ஆகவே அவரும் உடன் உழைத்தோரும் கம்பியை நீக்கிவிட்டு, கோபுரத்திலிருந்து வானலை வழியே பேச்சையும் இணையத்தையும் சேர்த்து அனுப்பும் 'கார்டெக்ட்' முறையை உருவாக்கினர். பத்துக் கிலோமீட்டர் வரை எட்டும். வேகம் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்று கேட்டால் நகைப்பீர்கள்!

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001-ஆம் ஆண்டு முதல் இம்முறையில் இணைய நிலையங்கள் எழுந்தன. உள்ளூராரே அவற்றை நடத்தினர். சான்றிதழ் விண்ணப்பங்கள் தாலுகா அலுவலகம் சென்றன. கண்நோயாளியின் படம் அரவிந்த் மருத்துவமனைக்குச் சென்றது. ஆயினும் வருவாய் போதாமலும், உதவி தொடராமலும், சில ஆண்டுகளில் பல நிலையங்கள் மூடப்பட்டன. அதைத் தோல்வி என்று ஒதுக்குவாரும் உளர், நான் ஒதுக்கேன். கருவியின் விலையைக் குறைத்தால் மட்டும் போதாது, அதை நாள்தோறும் காப்பவனுக்கும் கூலி வேண்டும் என்று மேலூர் காட்டிற்று.

பின்னர் அரசே இழையை எடுத்துச் செல்ல முற்பட்டது. ஊராட்சிதோறும் கண்ணாடி இழை என்னும் நடுவண் அரசின் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்றது. தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிக் கழகம் 2018-இல் அமைந்தது. 12,525 ஊராட்சிகளை இணைப்பது இலக்கு. மண்ணைத் தோண்டும் செலவைத் தவிர்க்க, பெரும்பாலும் மின்கம்பங்களின் மேலேயே இழை கட்டப்பட்டது. ஜுன்ஜுன்வாலா அஞ்சிய அதே செலவு! வீடுகளுக்கு மாதம் 200 ரூபாயில் இணைப்பு என்ற அறிவிப்பும் 2024-இல் வந்தது.

ஆனால் ஊராட்சி அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு இழுப்பவர் யார்? எங்கள் பகுதியில் கேபிள் தொலைக்காட்சி நடத்தும் தம்பி ஒருவரிடம் கேட்டேன். “தெருவிலே வரிசையாக வீடு இருந்தால் இழுத்துவிடலாம், ஐயா. ஏரிக்கு அப்பால் நாலே வீடு. சுற்றிக் கொண்டுபோனால் போட்ட பணம் எப்போது திரும்பும்?” என்றார். அவர் கணக்கிலும் பிழையில்லை.

ஏரிக்கரையில் நின்ற அம்மாணவியின் வீடு அந்நான்கில் ஒன்று.