சந்தா கட்டிய உடம்பு

'நோயாளியின் உரிமைகள்' என்று ஆஸ்பத்திரிச் சுவரில் பலகை மாட்டுகிற வழக்கம் பிற்பாடு வந்தது. நோயாளியின் கடமைகளோ வெகுகாலம் முன்பே சட்டமாகிவிட்டன. இந்த முன்பின் வரிசை தற்செயலானதல்ல என்பதே என் வாதம். தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தை, அதாவது நாம் பேச்சில் ஈ.எஸ்.ஐ. என்று சொல்வதை, முன்வைத்து இதைப் பேச விரும்புகிறேன்.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. சோசலிஸ்டுகளின் அமைப்புகளை 1878இல் தடைசெய்த பிஸ்மார்க்கின் அரசுதான் 1883இல் தொழிலாளர்களுக்கான நோய்க் காப்பீட்டுச் சட்டத்தையும் கொண்டுவந்தது. சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளியுடையது, ஒரு பங்கு முதலாளியுடையது. எனவே காப்பீட்டு நிதியங்களின் நிர்வாகத்திலும் மூன்றில் இரண்டு பங்கு இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குப் போயிற்று. அரசு எதிர்பாராத விதமாகச் சமூக ஜனநாயகவாதிகள் அங்கே வேர்பிடித்தார்கள். ஆனால் அதே நிதியங்கள்தாம், சீக்கு என்று சொன்னவன் வீட்டில் படுத்திருக்கிறானா, சாராயக் கடையில் உட்கார்ந்திருக்கிறானா என்று பார்த்துவர ஆள் அனுப்பின. பங்கேற்பும் கண்காணிப்பும் ஒரே தொட்டிலில் வளர்ந்தன. 1934இல் நாஜி அரசு சுயநிர்வாகத்தை ஒழித்தது. கண்காணிப்பு மட்டும் ஒழியவில்லை.

இந்தியாவில் பி.பி. அடார்க்கர் 1944இல் தொழிலாளர் நோய்க் காப்பீடு பற்றி அறிக்கை தந்தார். 1948இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழகத்தில் 1955இல் கோவைக்கு வந்தது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை என்பது மட்டுமே விதியாக இருந்த ஆலைத் தொழிலாளிக்கு, படுத்திருக்கும் நாளுக்கும் பணம் என்பது சின்ன விஷயமல்ல. நோய்ப் படியோடு சிகிச்சையில் இருக்கிற காலத்தில் முதலாளி வேலைநீக்கம் செய்யக் கூடாது என்றது 73ஆம் பிரிவு. இதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் ஆலை வாசலை அறியாதவர்கள்.

ஆனால் 64ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நோய்ப் படி வாங்குகிறவர் குறித்த மருந்தகத்திலோ ஆஸ்பத்திரியிலோ சிகிச்சையில் இருக்க வேண்டும். மருத்துவ அலுவலர் சொன்னபடி நடக்க வேண்டும். குணமாவதைக் கெடுக்கிற எதையும் செய்யக் கூடாது. அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது. பரிசோதிக்க நியமிக்கப்பட்டவர் வந்தால் உடம்பைக் காட்ட வேண்டும். பொய் சொல்லிப் பணம் வாங்கினால் 84ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. ஆலை மேஸ்திரியின் கண் ஓய்கிற இடத்தில் மருத்துவ அலுவலரின் கண் தொடங்குகிறது.

கடமை இவ்வளவு துல்லியம். உரிமை? 57ஆம் பிரிவைப் பாருங்கள். மாநில அரசோ கழகமோ எந்த வகையில், எந்த அளவில் வைத்தியம் ஏற்பாடு செய்திருக்கிறதோ அது மட்டும்தான். தனக்கு ஒதுக்கப்பட்ட மருந்தகத்தில் கிடைப்பதைத் தாண்டி எந்தச் சிகிச்சையையும் கோரும் உரிமை காப்பீட்டாளருக்குக் கிடையாது. மருந்து ஸ்டாக் இல்லை என்றால், 'இல்லீங்க, போயிட்டு நாளைக்கு வாங்க' என்பதே சட்டத்தின் குரலுமாகிறது. கடமையை மீறினால் தண்டனை தெளிவாக இருக்கிறது. வைத்தியம் தரம் கெட்டால் எங்கே போவது என்பதற்கு அந்தச் சட்டத்தில் தெளிவில்லை. கழகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் உண்டுதான். ஆனால் அவர்களைத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மத்திய அரசு நியமித்தது. ஜெர்மானியத் தொழிலாளிக்குச் சந்தா தந்த அதிகாரம் இங்கே பிடித்தமாக மட்டும் சுருங்கிப்போனது.

இந்த மௌனத்தை உடைத்தது ஒரு வழக்கு. அரியானாவின் சோனிபட்டில், ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தன் மனைவிக்குத் தவறான சிகிச்சை தரப்பட்டது என்று ஒரு தொழிலாளி நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். அது இலவச வைத்தியம், நீ நுகர்வோர் இல்லை என்று அவரை அனுப்பிவிட்டார்கள். 2007இல் உச்சநீதிமன்றம் அதைத் திருப்பியது: தொழிலாளி சந்தா கட்டியிருக்கிறார், ஆகவே இது இலவசமல்ல, அவர் நுகர்வோரே. ஐம்பது ஆண்டுக்கும் மேலாக மாதாமாதம் கூலியில் பிடித்துக்கொண்டு, கேள்வி வந்தால் 'சும்மாதானே தர்றோம்' என்று சொன்ன சொல்லாடல் அன்று அம்பலப்பட்டது.

இருந்தாலும் எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. காசு குடுத்தவன் கேட்கலாம் என்றால், குடுக்க முடியாதவன்? எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாக வைத்தியம் தரும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995இலேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. ஈ.எஸ்.ஐ. சட்டமோ, மிகக் குறைந்த கூலிக்காரரிடம் சந்தா பிடிக்கக் கூடாது என்று 42ஆம் பிரிவில் சொன்னது. அவருக்கும் அதே வைத்தியம், அதே படி. ஆக, உரிமையின் வேர் சந்தாவில் இல்லை என்பதைச் சட்டமே அரைமனதாக ஒப்புக்கொண்டிருக்கிறது.

முழுமனதாகச் சொல்ல வைத்தது விவசாயத் தொழிலாளர் அமைப்பு ஒன்று. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரைக் கல்கத்தாவின் அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பின. மேற்கு வங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்குத் தொடுத்தது. அவசரச் சிகிச்சையை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. அங்கே ரசீது கேட்கப்படவில்லை.

தமிழகத்தில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபிறகு, ஏழை நோயாளிக்கான தவணையை அரசே காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டுகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டமும், 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது. தொழிற்சங்கத் தோழர்கள் புதிய தொகுப்பைப் பிரிக்கும்போது, 64ஆம் பிரிவின் வாரிசும் 57ஆம் பிரிவின் வாரிசும் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று முதலில் தேட வேண்டும். நோயாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதத் தெரிந்த அரசுக்கு, ஆஸ்பத்திரி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதவும் தெரியும். எழுத வைப்பதுதான் நம் வேலை.