கடவுள் இல்லாத மண்டபத்தில் ஒரு கலியாணம்

எமது கலியாணங்களுக்கு மண்டபம் பார்க்கும்போது முதலில் விசாரிக்கப்படுவது வாகனத் தரிப்பிடம். அடுத்தது, எண்ணூறு பேருக்குச் சாப்பாடு போடலாமா என்பது. அந்த இடத்துக்கும் மணமக்களுக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே என் மகள் லண்டன் றெட் லயன் சதுக்கத்திலுள்ள கொன்வே மண்டபத்தைச் சொன்னபோது மனைவி திகைத்ததில் வியப்பில்லை. "கூட்டம் வைக்கிற இடத்தில கலியாணமோ?"

மகளுக்கு அது ஞாயிறு மாலை இசைக் கச்சேரிகளின் இடம். மாப்பிள்ளையைச் சந்தித்ததும் அங்கேதான். எனக்கு அது எண்பதுகளின் கூட்டங்கள்.

மண்டபம் 1929இல் திறக்கப்பட்டது. பெயருக்குரிய மொன்கியூர் கொன்வே, வேர்ஜினியாவில் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து அடிமை முறையை எதிர்த்தவர். தந்தையிடமிருந்து தப்பிவந்த அடிமைகளை 1862இல் ஒஹாயோவுக்கு அழைத்துச்சென்று குடியமர்த்தினார். மறு ஆண்டு இங்கிலாந்து வந்தவர் லண்டனிலேயே தங்கி, சவுத் பிளேஸ் சபையை வழிநடத்தினார். படிப்படியாகக் கடவுளைக் கைவிட்டு அறநெறியை மட்டும் வைத்துக்கொண்ட சபை அது. (இலங்கைக்கும் இந்தியாவுக்கும் போய்வந்து 1906இல் ஒரு நூலும் எழுதினார்.)

இச்சபைக்குச் சட்டபூர்வமாகக் கலியாணம் நடத்தும் உரிமை முன்பு இருந்தது. 1977இல் அது பறிபோனது. தெய்வத்தை வழிபடாத இடம் வழிபாட்டிடம் ஆகாது என்பதே காரணம். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவை சுயமரியாதைத் திருமணங்கள். சடங்கில்லாத அத்திருமணங்கள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1950களில் கூறிற்று. அண்ணாதுரை அரசு 1967இல் கொண்டுவந்த சட்டமே, முன்னர் நடந்தவற்றையும் சேர்த்து, அவற்றைச் செல்லுபடியாக்கியது.

இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் வேறொரு கதவைத் திறந்தது. அனுமதி பெற்ற கட்டிடங்களிலும் பதிவுத் திருமணம் செய்யலாம். ஆனால் அந்நிகழ்வில் மதம் சார்ந்த எதுவும் இருக்கக்கூடாது. கடவுள் இல்லை என்று உரிமை இழந்த மண்டபத்தில், இப்போது பதிவாளர் நிற்கும்வரை கடவுள் வரக்கூடாது!

வரலாறுள்ள இடம் என்று தெரிந்தெடுத்தால் நல்லதை மட்டும் பொறுக்க முடியாது. 1974 யூன் 15இல் இனவாத நஷனல் புரொண்ட் கட்சி இங்கே கூட்டம் ஒழுங்கு செய்தது. அதை எதிர்த்து வந்த கெவின் கேற்லி என்ற மாணவர் சதுக்கத்தில் நடந்த மோதலில் இறந்தார். பேச்சுரிமை எதுவரை என்று அவர்கள் தலையை உடைத்துக்கொண்டார்கள். நாங்கள் அந்தச் சிரமம்கூடப் படவில்லை. நாங்கள் அங்கே வைத்த கூட்டமொன்றில், இயக்கங்களின் உட்கொலைகளைப் பற்றிப் பேச எழுந்த நண்பரைக் கூச்சலிட்டு இருத்தினோம். கூச்சலிட்டவர்களில் நானும் ஒருவன். பின்னர் அவர் ஊருக்குத் திரும்பினார். அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதை மகளுக்கு இப்போதுதான் சொன்னேன். இடத்தை மாற்றுவோமா அப்பா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

பதிவாளர் வந்துபோன பின் தாலி கட்டியே ஆகவேண்டும் என்பதில் மனைவி உறுதியாக இருக்கிறார். ஐயர் இல்லை. தாலியை யார் எடுத்துக் கொடுப்பது என்பது இன்னும் தீரவில்லை. அந்த நண்பரின் தமக்கையார் லண்டனில்தான் இருக்கிறார். அவரைக் கேட்போம் என்கிறாள் மகள். நான் இன்னும் தொலைபேசி எடுக்கவில்லை.