ரிச்சர்ட்ஸ் டவுனின் தாங்கு சுவர்கள்

பெங்களூர் ஒரு பீடபூமியின்மேல் அமைந்த நகரம் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பீடம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மணைப்பலகை போன்ற ஒரே மட்டமான தரையே நம் மனத்தில் தோன்றுகிறது. ஆனால் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில் வீடு கட்ட முனைந்தவர் எவரும், இங்கே மட்டமான மனை என்பது அரிய பொருள் என்பதை முதல் நாளே கண்டுகொள்வர். நகரின் நடுவே வடக்கு தெற்காக ஒரு முகடு ஓடுகிறது. அதன் இரு மருங்கிலும் நிலம் சரிந்து இறங்குகிறது. அவ்வாறு இறங்கும் நீரைத் தேக்குவதற்காகவே முன்னோர் ஒன்றன் கீழ் ஒன்றாக ஏரிகளை அமைத்தனர். அல்சூர் ஏரிக்கு வடக்கே செல்வோமாயின், பெயரிலேயே குன்றைச் சுமந்து நிற்கும் செயின்ட் ஜான்ஸ் ஹில் என்ற பகுதியும், அதற்கு அப்பால் பிரேஸர் டவுனும், அதனை அடுத்து ரிச்சர்ட்ஸ் டவுனும் வரும். தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதிகள் இவை.

இங்கே மலை இல்லை; மலையடிவாரமும் இல்லை. ஆயினும் நிலத்தின் சரிவு உண்டு. தெருவுக்கு ஒரு புறத்திலுள்ள தோட்டம் இடுப்பளவு உயர்ந்தும், மறுபுறத்திலுள்ளது படியிறங்கிச் செல்லும்படி தாழ்ந்தும் இருப்பதைப் பழைய பங்களாக்கள் எஞ்சியுள்ள இடங்களில் காணலாம். அந்த உயரத்துக்கும் தாழ்வுக்கும் நடுவே நின்று மண்ணைத் தாங்கிக்கொண்டிருப்பது ஒரு கருங்கல் சுவர். மதிற்சுவர் என்று நினைத்து நாம் அதனைக் கடந்துபோய்விடுகிறோம். மதிலின் வேலை மனிதரையும் மாட்டையும் தடுப்பது. இதன் வேலையோ, வீழக் காத்திருக்கும் மண்ணை இரவும் பகலும் தடுத்து நிறுத்துவது. இதனைத் தாங்கு சுவர் என்பதே பொருத்தம். பாய்ந்துவரும் வெள்ளத்தை எதிர்த்து நிற்கும் கல்லணைக்குக் ‘கற்சிறை’ என்ற சொல்லைத் தொல்காப்பியமே ஆண்டிருக்கிறது. தண்ணீருக்கு அமைத்த சிறையை மண்ணுக்கும் அமைத்தார்கள் என்று கொள்ளலாம்.

இச்சுவர்கள் எவ்வாறு எழுந்தன என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த ஆங்கிலப் படை, அங்கே நிலவிய காய்ச்சலுக்கு அஞ்சி, 1809-ஆம் ஆண்டில் பெங்களூருக்கு வந்து பாளையம் அமைத்தது. படையோடு சமையற்காரர், சலவையாளர், கொல்லர், தச்சர், கொத்தனார், வணிகர் எனப் பெருந்திரளான தமிழரும் வந்தனர். அவர்களிற் பலர் வடார்க்காடு, சேலம் போன்ற மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சாலையிடுதல், பாலம் கட்டுதல், அரண் அமைத்தல் ஆகியவற்றையே தொழிலாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு 1834 முதல் பெங்களூரையே தலைமையிடமாகக் கொண்டது. 1864-ஆம் ஆண்டில் ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்து சேர்ந்தது. அதே காலத்தில், ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்ற தமிழ் ஒப்பந்தக்காரர் அட்டாரா கச்சேரி என்னும் செந்நிற மாளிகையைக் கட்டி 1868-இல் முடித்தார். அம்மாளிகையில் இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் நடைபெறுகிறது. ஆக, கல்லும் சுண்ணாம்பும் கையாளத் தெரிந்த தமிழ்க் கைகளுக்குப் பாளையத்தில் என்றுமே வேலை இருந்தது.

1898-ஆம் ஆண்டில் பெங்களூரில் பிளேக் நோய் புகுந்தது. காற்றும் வெளிச்சமும் நுழையாத நெருக்கமான தெருக்களில் சாவு வீட்டுக்கு வீடு புகுந்தது. எலியும் எலியின்மேல் வாழும் தெள்ளுமே இந்நோயைப் பரப்புகின்றன என்பது, அதே ஆண்டில் சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் வெளியிட்ட கருத்தாகும். சில ஆண்டுகளுக்குள் பம்பாயில் நடந்த ஆராய்ச்சிகள் அதனை உறுதி செய்தன. எலி வளை தோண்டாத வீடு வேண்டும், அகன்ற தெரு வேண்டும், நீர் தேங்காத வடிகால் வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. அதன் பயனாக 1906-இல் அடிக்கல் நாட்டப்பட்டதே பிரேஸர் டவுன். அந்நாளில் மைசூர் ரெஸிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேஸரின் பெயர் அதற்கு இடப்பட்டது. இந்த முயற்சியைப் பற்றிப் பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ் எழுதிய நூல் 1914-இல் வெளிவந்தது. பிளேக் அணுகாத நகரை அமைப்பது எப்படி என்பதே அந்நூலின் பொருள்.

எலிக்கும் தாங்கு சுவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சரிந்த மனையில் வீடு கட்ட ஒரு பக்கத்தைத் தோண்டி மறுபக்கத்தை மேடாக்க வேண்டும். மேடாக்கிய மண் சரியாமல் நிற்க அதனைச் சுற்றிச் சுவர் வேண்டும். அந்தச் சுவர் மண்ணாலோ, இடைவெளிவிட்டு அடுக்கிய கல்லாலோ ஆனதாயின் அது எலிகளுக்குக் கட்டிக்கொடுத்த மாளிகையாகவே முடியும். இடுக்கில்லாமல் சுண்ணாம்புச் சாந்து பூசி இணைத்த கருங்கல்லாயின் வளை தோண்ட இயலாது. நோய்க்கு அஞ்சிய காலம் நல்ல கல்வேலைக்கு ஊக்கமாக அமைந்தது என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

பிரேஸர் டவுனை அடுத்து எழுந்த பகுதிக்குப் பெயர் தந்த எப். ஜே. ரிச்சர்ட்ஸ் தமிழருக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். ஐ.சி.எஸ். அதிகாரியான இவர், பெங்களூர்ப் பாளையப் பகுதியின் கலெக்டராக இருந்த நாளில், 1909-இல் மிதிக் சொசைட்டி என்ற ஆராய்ச்சிச் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்று, அதன் முதல் தலைவரும் ஆனார். 1918-இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெஜட்டியரை எழுதியவரும் இவரே. சேர்வராயன் மலையையும் ஓசூரையும் ஒரு நூலில் விவரித்த மனிதரின் பெயரில், சேலத்துக்காரரும் ஆர்க்காட்டுக்காரரும் வேலை செய்த ஒரு நகர்ப்புறம் அமைந்தது தற்செயலே; எனினும் அழகான தற்செயல். தெருக்களுக்கும் பூங்காவுக்கும் அதிகாரிகளின் பெயர் கிடைத்தது. சுவரை எழுப்பியவரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கல்லைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். பெங்களூரின் அடியில் கிடக்கும் பாறை சுமார் 300 கோடி ஆண்டு பழமையுடையது. லால்பாக் தோட்டத்திலுள்ள பாறைக் குன்று 1975-இல் தேசியப் புவியியல் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய பாறையை வெட்டியெடுக்க இவ்வூரில் வழங்கிய முறை வெடிமருந்தன்று, நெருப்பு. பாறையின் பரப்பில் விறகை வரிசையாக அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூடேறிய மேலடுக்கு விரிந்து, கீழுள்ள பாறையைவிட்டுப் பிரியும். சுத்தியால் தட்டிப் பார்த்து, ஒலி மாறியதைக் கொண்டு பிரிந்த இடத்தை அறிந்து, தீயை மெல்ல மெல்ல முன்னே நகர்த்துவார்கள். முடிவில் ஒரு முற்றம் அளவுள்ள கற்பலகை, உடையாமல், ஏறத்தாழ ஒரே கனத்தில் பெயர்ந்து கிடக்கும். பின்னர் உளியால் குழி வரிசை வெட்டி, வேண்டிய அகலத்தில் அதனைப் பிளப்பார்கள். 1895-ஆம் ஆண்டில் லண்டன் ‘நேச்சர்’ இதழில் வார்த் என்ற அறிஞர் பெங்களூரின் இந்த வித்தையை வியந்து எழுதினார். இவ்வேலையில் கைதேர்ந்தவர்கள் கல்லொட்டர் எனப்பட்ட மக்கள். மண் வேலையில் வல்லவர்கள் மண்ணொட்டர். இன்று போயர் என்று வழங்கப்படும் இவர்களிற் பலரின் வீட்டுமொழி தெலுங்கு. அவர்கள் பிளந்து தந்த கல்லைத் தமிழ்க் கொத்தனார் அடுக்க, கன்னட நாட்டு மண்ணைத் தாங்கும் சுவர் எழுந்தது. பலகையாக வருவதைச் சப்படிக் கல் என்றும், செங்கல்போல் அளவாகச் செதுக்கியதைச் சைஸ் கல் என்றும் பெங்களூர்த் தமிழர் இன்றும் சொல்வர். அடித்தளப் பள்ளத்துக்கு ‘வானம்’ என்று பெயரிட்ட நம் கொத்தனார்களின் நகைச்சுவையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். தரைக்குக் கீழே வானத்தைக் கண்டவர்கள் அவர்கள்!

சாந்துக்குச் சுண்ணாம்பும், செங்கல் பொடியாகிய சுர்க்கியும் பயன்பட்டன. சென்னையில் 1904-இலேயே சிமெண்டு தயாரிக்கப்பட்டதாயினும், அது கொத்தனாரின் அன்றாடப் பொருளாகப் பல ஆண்டுகள் சென்றன. சுண்ணாம்பு மெதுவாக இறுகும். சற்றே வளைந்தும் கொடுக்கும். ஈரத்தையும் தன் வழியே வெளிவிடும். இக்குணங்கள் தாங்கு சுவருக்கு எவ்வளவு நன்மை செய்தன என்பது, பழைய சுவரின் முகத்தில் சிமெண்டைப் பூசி மெழுகியவர்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

மண் ஒரு சுவரை எவ்வளவு வலிமையுடன் தள்ளுகிறது? இக்கேள்விக்குக் கணக்கு முறையில் விடை கண்டவர்களில் முதன்மையானவர் கூலோம் என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்கில் 1764 முதல் எட்டு ஆண்டுகள் கோட்டை கட்டி, உடல்நலம் குன்றித் தாய்நாடு திரும்பியவர், 1773-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் தம் ஆராய்ச்சியைப் படித்தார். சுவரின் பின்னால் ஓர் ஆப்பு வடிவில் மண் பிளந்து சறுக்கப் பார்க்கிறது. அந்த ஆப்பின் எடையும் உராய்வும் சேர்ந்தே சுவரின்மேல் விழும் தள்ளுதலைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. 1857-இல் ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியர் இதனை வேறொரு வழியில் எளிமையாக்கினார். மண்ணுக்குள் இருக்கும் நீரையும் கணக்கில் சேர்த்து ஒரு தனி அறிவியலையே தோற்றுவித்தவர் டெர்ஸாகி. அவர் நூல் வெளிவந்த ஆண்டு 1925.

வீட்டுக்காரர் இவற்றிலிருந்து அறிய வேண்டியது அதிகமில்லை. சுவரின் உயரம் இரு மடங்கானால் அதன்மீதுள்ள தள்ளுதல் நான்கு மடங்காகிறது. அதனைக் கவிழ்க்கும் விசையோ எட்டு மடங்காகிறது. மூன்றடிச் சுவர் நன்றாக நிற்கிறதே என்று அதே கனத்தில் ஆறடி எழுப்புபவர் தவறுவது இங்கேதான். வெறும் எடையால் நிற்கும் கற்சுவருக்கு அடியில் உயரத்தின் பாதிக்குக் குறையாத அகலம் வேண்டும். மேலே செல்லச் செல்ல அது ஒடுங்கலாம். முகம் சற்று உட்புறமாகச் சாய்ந்திருப்பதும் நல்லது. இடையிடையே சுவரின் கனம் முழுவதையும் ஊடுருவும் நீண்ட கற்களைப் போட வேண்டும். போடாவிட்டால் வெளிமுகம் ஒரு சுவராகவும் உள்முகம் ஒரு சுவராகவும் பிரிந்து, நடுவில் வயிறு தள்ளும்.

ஆனால் சுவரை வீழ்த்துவது பெரும்பாலும் மண்ணன்று, தண்ணீர். இரண்டு மீட்டர் உயரமுள்ள சுவரின் பின்னால் உலர்ந்த மண் நிற்குமானால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 1.2 டன் தள்ளுதல் உண்டாகும். மழைநீர் வடியாமல் அம்மண்ணில் உச்சிவரை நிறைந்துவிட்டால் அதுவே 2.5 டன்னாக உயரும். சுவர் அதே சுவர்; சுமை மட்டும் இரண்டு மடங்கு. ஆகவே சுவரின் அடிப்பகுதியில் வரிசையாகத் துளைகள் விட்டு, பின்புறத்தில் ஜல்லியும் சரளையும் நிரப்பி, நீர் வெளியேற வழி செய்வது அவசியம். பெங்களூரில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. இங்குள்ள செம்மண் காய்ந்த காலத்தில் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். நனைந்துவிட்டால் அந்த உறுதியை இழந்துவிடும். கோடையில் தோண்டியவர் அதன் நிற்கும் அழகைக் கண்டு ஏமாந்து, செப்டம்பரில் வருந்துகிறார்.

தமிழர் குடியேறிய வேறு சில இடங்களில் இந்தப் பாடம் மிகக் கொடிய முறையில் புகட்டப்பட்டது. மலேசியாவில் கோலாலம்பூரை ஒட்டிய உலு கிளாங் என்ற மலையடிவாரப் புறநகரில், 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸ் என்னும் அடுக்குமாடி வீடுகளில் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டனர். பின்புறச் சரிவில் நீர் செல்ல முறையான வழி இல்லாமற்போனதும், அங்கிருந்த கற்சுவர்கள் சரிந்ததும் அதற்குக் காரணங்களாகக் காணப்பட்டன. கேரளத்தில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரை லயங்களோடு கொண்டுபோயிற்று. அத்தகைய பெருஞ்சரிவை எந்தத் தாங்கு சுவரும் தடுத்திராது என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். சில இடங்களில் சுவர் கட்டுவதைக் காட்டிலும் வீடு கட்டாதிருப்பதே அறிவு.

ரிச்சர்ட்ஸ் டவுனில் இன்றுள்ள ஆபத்து வேறு வகையானது. 1947 ஜூலை 26 அன்று பாளையப் பகுதி மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949-இல் இரு நகரங்களும் ஒரே மாநகராட்சியாயின. அதன்பின் ஊர் பெருகப் பெருக நிலத்தின் விலையும் ஏறிற்று. ஒரு பங்களா நின்ற இடத்தில் இப்போது பல அடுக்கு வீடுகள் எழுகின்றன. அவற்றின் அடியில் மோட்டார்கள் நிறுத்தப் பத்தடி, பன்னிரண்டடி ஆழம் தோண்டுகிறார்கள். அடுத்த மனையின் பழைய கற்சுவர் தன் அடிமண்ணை இழந்து பள்ளத்தின் விளிம்பில் நிற்பதை இந்தப் பக்கத்தில் நாம் கண்டதுண்டு. நூறு ஆண்டு நின்ற சுவர் இன்னும் ஒரு மாதம் நில்லாதா என்று மேற்பார்வையாளர் கேட்கிறார். அது நூறு ஆண்டு நின்றது, கீழே மண் இருந்ததனால். பள்ளத்தில் இறங்கி வேலை செய்பவர்கள் முன்பு சேலத்திலிருந்து வந்ததுபோல் இன்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். மேலே நிற்கும் சுவரின் வரலாறு அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

பழைய சுவரை ஒட்டித் தோண்டியே ஆக வேண்டுமானால், தேர்ந்த கொத்தனார்கள் கையாளும் முறை ஒன்று உண்டு. சுவரின் நீளம் முழுவதையும் ஒரே மூச்சில் திறந்துவிட மாட்டார்கள். நான்கடி அகலத்துக்கு ஒரு துண்டு தோண்டி, அங்கே புதிய அடித்தளமிட்டுக் கட்டி, அது இறுகும்வரை காத்திருப்பார்கள். அடுத்த துண்டை அதற்குப் பக்கத்தில் எடுக்காமல், இரண்டு துண்டு தள்ளி எடுப்பார்கள். இடையில் விட்ட மண் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் இவ்வேலையைத் தொடங்க மாட்டார்கள். தொடங்கும் முன் பழைய துளைகளில் அடைந்துள்ள வேரையும் மண்ணையும் கம்பியால் குத்தி எடுத்து, பின்னால் தேங்கியுள்ள நீரை முதலில் வடியவிடுவார்கள்.