மிருகக்காட்சிசாலை மண்ணில் கிடைத்த ருசி

1908-இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்து இரசாயனவியல் பேராசிரியர் கிகுனே இகெடாவை ஒரு சூப் விடாமல் துரத்தியது. கொம்பு என்ற கடற்பாசியைப் போட்டுக் காய்ச்சிய சூப். அதில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எதுவும் தூக்கலாக இல்லை. ஆனாலும் ருசி நாக்கை விட்டுப் போகவில்லை. பன்னிரண்டு கிலோ பாசியைக் காய்ச்சி வடித்தார். மிஞ்சியது ஏறத்தாழ 30 கிராம் குளுட்டாமிக் அமிலம். அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அடுத்த வருடமே சபுரோசுகே சுசுகி என்ற வியாபாரி, அந்த அமிலத்தின் சோடியம் உப்பை வெள்ளைத் தூளாகக் கடைக்குக் கொண்டுவந்தார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

கோதுமைப் புரதத்தை ஐதரோகுளோரிக் அமிலத்தில் காய்ச்சித்தான் தூள் எடுக்க வேண்டியிருந்தது. அமிலம் பாத்திரங்களையே தின்றது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு இப்படியே போனது. பிறகு கியோவா ஹக்கோ நிறுவனத்தின் ஷுகுவோ கினோஷிட்டா, இந்த வேலையை பக்டீரியாவிடம் விட்டால் என்ன என்று கேட்டார். நடக்காத காரியமாகவே அது தெரிந்தது.

பக்டீரியா அவ்வளவு கணக்குப் பார்க்கும் உயிர். ஒரு அமினோ அமிலம் தேவைக்குச் சேர்ந்துவிட்டால், அந்த அமிலமே தன்னைச் செய்யும் நொதியத்தில் போய் ஒட்டி வேலையை நிறுத்திவிடும். மரபணுவிலும் பூட்டு உண்டு. ஈ. கோலை என்ற குடல் பக்டீரியாவில் திரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைச் செய்யும் ஐந்து மரபணுக்கள் வரிசையாக இருக்கின்றன. திரிப்டோபன் மிகுந்தால் அது ஒரு புரதத்தோடு சேர்ந்து வரிசையின் வாசலிலேயே குந்திக்கொள்ளும். அதையும் மீறி மரபணுக்களை வாசிக்கத் தொடங்கினால், தொடக்கத்திலேயே வாசிப்பை அறுத்துவிடும் இரண்டாவது பூட்டும் உண்டு. 1970களில் ஸ்டான்போர்டின் சார்ல்ஸ் யனோவ்ஸ்கி அதைக் கண்டுபிடித்து விளக்கியபோது உயிரியல் உலகமே வியந்தது. இத்தனை காவல் போட்டிருக்கும் உயிர் தன் சொத்தை வெளியே கொட்டுமா?

1956-இல் ஒன்று கொட்டியது. உயெனோ மிருகக்காட்சிசாலையில், பறவை எச்சம் கலந்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பக்டீரியா அது. இன்று அதன் பெயர் கொரினிபக்டீரியம் குளுட்டாமிக்கம். வளர்ப்புக் கரைசல் முழுக்கக் குளுட்டாமிக் அமிலம்! ஆனால் பயோட்டின் என்ற விற்றமினைத் தாராளமாகக் கொடுத்தபோது ஊற்று அடைத்துக்கொண்டது. பயோட்டின் குறைந்தால்தான் அதன் உறை நெகிழ்ந்து கசிகிறது என்று பிறகு தெரிந்தது. முதற்கரைசலில் பயோட்டின் குறைந்திருந்தது அதிர்ஷ்டம்தான். அம்பாறை மாவட்டத்தின் ஹிங்குரானையில் சீனி எடுத்தபின் மிஞ்சுவது போன்ற மலிவான கரும்புப் பாகிலோ பயோட்டின் ஏராளம். கொஞ்சம் பெனிசிலின் சேர்த்ததும் உறை நெகிழ்ந்தது, ஊற்றும் திறந்தது.

1958-இல் கினோஷிட்டா குழு இன்னும் துணிந்தது. இந்த பக்டீரியாவில் லைசின், திரியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் சேர்ந்து அழுத்தினால்தான் லைசின் உற்பத்திக்குத் தடை விழும். திரியோனினைத் தானே செய்துகொள்ள முடியாத ஒரு விகாரியைத் தேர்ந்தெடுத்தார்கள். தடை விழவில்லை, லைசின் பெருகியது. கோழித் தீவனத்தில் இன்று உலகெங்கும் சேர்க்கப்படும் லைசினுக்கு அதுவே தொடக்கம். வெள்ளைத் தூளுக்கோ வேறொரு சோதனை காத்திருந்தது.

2001 ஜனவரியில் இந்தோனேசியக் கடைகளிலிருந்து அந்தத் தூள் அள்ளி அகற்றப்பட்டது. பக்டீரியாவுக்கு ஊட்டிய சோயாப் புரதம், பன்றியிலிருந்து எடுத்த நொதியத்தால் உடைக்கப்பட்டது என்று தெரிந்து, அந்நாட்டு உலமா சபை அதை ஹராம் என்றது. தூளில் பன்றியின் தடயமே இல்லை, ஹலால்தான் என்றார் ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹித். உலமா சபை அசையவில்லை. தூளைத் தயாரித்த நிறுவனம் பக்டீரியாவின் உணவையே மாற்றி, ஹலால் சான்றை மீண்டும் பெற்றது. செய்முறையின் தொடக்கம்வரை பார்த்த உலமாக்களின் கண்டிப்பு நியாயமானதே.

கல்முனைக் கடைத்தெருவில் பிரைட் றைஸ் தாச்சியில் விழும் ஒரு சிட்டிகை அஜினோமோட்டோ என்பது இந்தத் தூள்தான்.