'ஹாப்சன்-ஜாப்சன்': ஓர் ஆங்கிலக் கூட்டுச்சொல்லின் வரலாறு

முன்னுரை

இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரிடையே வழங்கிய சொற்களைத் தொகுத்து 1886ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த அகராதி 'ஹாப்சன்-ஜாப்சன்'. ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் அதன் ஆசிரியர்கள். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்த பர்னல் 1882இல் மறைந்தார். யூல் பணியை நிறைவு செய்தார். கட்டுமரம், மிளகுதண்ணீர், சுருட்டு ஆகிய தமிழ்ச்சொற்களின் ஆங்கில வடிவங்களும் அதில் இடம்பெற்றுள்ளன. அந்நூலின் தலைப்பாக அமைந்த கூட்டுச்சொல்லின் தோற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லின் மூலம்

ஹாப்சன், ஜாப்சன் இரண்டும் ஆங்கிலக் குடும்பப் பெயர்கள். ஆயினும் இச்சொல் அப்பெயர்களிலிருந்து பிறந்ததன்று. கி.பி. 680இல் கர்பலாவில் கொல்லப்பட்ட ஹுசைனையும் அவர் தமையனார் ஹசனையும் நினைந்து முகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன்! யா ஹுசைன்!' என்னும் புலம்பலே இதன் மூலம். 'ஹொசீன் கொசீன்', 'ஹொஸ்ஸி கொஸ்ஸி', 'ஹொசைன் ஜோசன்' எனப் பல திரிபுகளைக் கடந்து இறுதி வடிவம் உருவானதை அகராதியே பதிவு செய்கிறது. பஞ்சாபிலிருந்த ஆங்கிலப் படைவீரர் இச்சொல்லை வழங்கியதையும் யூல் குறிப்பிடுகிறார்.

ஒலித்திரிபும் பொருளிழப்பும்

அயற்சொல்லைத் தன் ஒலிமரபுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது எம்மொழிக்கும் இயல்பு. வடசொற்கள் வடவெழுத்தை நீக்கித் தமிழில் வழங்கும் என்பது தொல்காப்பிய விதி. மொழியியலாரும் இத்தகைய மாற்றத்தை 'ஹாப்சன்-ஜாப்சன் விதி' எனக் குறிப்பதுண்டு. ஆனால், இச்சொல்லில் நிகழ்ந்தது ஒலிமாற்றம் மட்டுமன்று. 'ராம' என்பது தமிழில் 'இராமன்' ஆனபோதும் குறிக்கப்படுபவர் மாறவில்லை. 'ஹுசைன்' 'ஜாப்சன்' ஆனபோதோ, தியாகியின் பெயர் இருந்த இடத்தில் ஓர் ஆங்கிலேயனின் பெயர் அமர்ந்தது. எதுகை இயைந்த இரட்டைச்சொற்களுக்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் விளையாட்டுத் தொனி உண்டு. எனவே ஒப்பாரி வேடிக்கையாயிற்று.

யூல் இம்மூலத்தை நன்கறிந்தவர். கீழைச்சொற்கள் ஆங்கிலேயர் வாயில் உருமாறுவதற்கு இது சுவையான சான்று என்பதாலும், நூலாசிரியர் இருவர் என்பதை மறைவாகச் சுட்டுவதாலும் இதனைத் தலைப்பாகத் தேர்ந்ததாக முன்னுரையில் விளக்குகிறார். மூலத்தைப் பதிவு செய்த புலமையும், அதிலுள்ள துயரத்தைப் பொருட்படுத்தாத நகைப்பும் ஒரே நூலில் அருகருகே நிற்கின்றன.

முடிவுரை

ஒலிவிதி கொண்டு 'ஹாப்சன்-ஜாப்சன்' பிறந்த முறையை விளக்கலாம். அழுகுரல் ஏன் நகைப்புக்குரியதாகக் கேட்டது என்பதை அவ்விதி விளக்காது. கேட்டவருக்கும் அழுதவருக்கும் இடையிலிருந்த ஆட்சியுறவே அதனை விளக்கும். காலனியக் காலக் கடன்சொற்களை ஆராய்வோர் ஒலியுடன் இவ்வுறவையும் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.