ஆங்கிலத் துணைவினைகளும் மறுப்பின் எல்லையும்

ஒரு செயல் நிகழ்ந்ததா என்பதை விடுத்து, அது நிகழக்கூடுமா, நிகழ்ந்தாக வேண்டுமா, நிகழ இசைவு உண்டா எனப் பேசுவோர் அச்செயலை நோக்கும் விதத்தைக் காட்டும் இலக்கணக் கூறு வினைநோக்கு எனப்படும். ஆங்கிலத்தில் இப்பணியை முதன்மையாகச் செய்பவை 'கேன்', 'குட்', 'மே', 'மைட்', 'ஷேல்', 'ஷுட்', 'வில்', 'வுட்', 'மஸ்ட்' என்னும் ஒன்பது துணைவினைகள். இவற்றைத் தமிழ் மாணவர்க்குக் கற்பிக்கும்போது 'கேன்' என்றால் 'முடியும்', 'மே' என்றால் 'லாம்', 'மஸ்ட்' என்றால் 'வேண்டும்' என இணைப்பட்டியல் தந்துவிட்டு, எதிர்மறையைப் பாடத்தின் கடைசியில் ஒட்டிவைப்பது வழக்கமாகிவிட்டது. பொருளையே புரட்டிவிடும் பிழைகள் எதிர்மறையில் முளைப்பதால், பாடம் தொடங்க வேண்டிய இடமும் அதுவே.

உடன்பாட்டில் இரு மொழிகளும் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றன. 'நீ போகலாம்' என்பது இசைவு, 'மழை வரலாம்' என்பது வாய்ப்பு. 'மே' இரண்டுக்கும் பொருந்தும். 'வரி கட்ட வேண்டும்' என்பது கடமை, 'விளக்கு எரிகிறது, அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும்' என்பது ஊகம். இரண்டையும் 'மஸ்ட்' தாங்கும். கடமையும் இசைவும் கடப்பாட்டு நோக்கு என்றும், ஊகமும் வாய்ப்பும் அறிவுசார் நோக்கு என்றும் பிரிக்கப்படும். தருக்கவியலில் ஃபான் ரைட் 1951-இல் விரித்துரைத்த இப்பகுப்பை, 1979-இல் வெளிவந்த எஃப். ஆர். பாமரின் நூல் ஆங்கிலத் துணைவினைகளுக்குப் பொருத்திக் காட்டியது.

எதிர்மறையில் இந்த ஒப்புமை கலைகிறது. மறுப்பு வாக்கியத்தின் எந்தப் பகுதியைத் தொடுகிறது என்பதை மறுப்பின் எல்லை என்பர். ஆங்கிலத்தில் 'நாட்' என்னும் சொல் துணைவினையை அடுத்து ஒரே இடத்தில்தான் நிற்கும். அதன் எல்லையை உருவம் காட்டாது. 'இட் மே நாட் ரெயின்' என்றால் மழை வராமல் போகலாம். 'யூ மே நாட் என்டர்' என்றால் நுழையக் கூடாது. முன்னதில் மறுக்கப்படுவது பெய்தல், பின்னதில் மறுக்கப்படுவது இசைவு. தமிழோ 'ஆமல்' என முதல்வினையிலும் 'கூடாது' எனத் துணைவினையிலும் மறுப்பைத் தனித்தனியே பதித்து இவ்வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. தாய்மொழி இடையூறு என்று வகுப்பறைகளில் பழிக்கப்படுவது இங்கே ஆசிரியருக்குக் கிடைத்த கருவி.

ஆயினும் 'வேண்டாம்' என்னும் ஒரு சொல்லில் தமிழும் வழுக்குகிறது. 'விழாவுக்கு நீங்கள் வர வேண்டாம்' என்பதை நோயுற்ற பெரியவரிடம் பரிவாகவும் சொல்லலாம், பகைவரிடம் தடையாகவும் சொல்லலாம். முன்னதற்கு ஆங்கிலத்தில் 'நீட் நாட்', பின்னதற்கு 'மஸ்ட் நாட்'. 'வேண்டும்' என்பது 'மஸ்ட்' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர், 'பெற்றோர் நேரில் வர வேண்டாம், கையொப்பமிட்ட படிவமே போதும்' என்னும் பள்ளிச் சுற்றறிக்கையை 'மஸ்ட் நாட்' இட்டு எழுதினால், சலுகையாகச் சொன்னது தடையுத்தரவாகிவிடும். ஊகத்தை மறுக்கும்போதோ பிரிட்டிஷ் வழக்கு 'மஸ்ட்' என்பதையே கைவிட்டு 'கான்ட்' என்பதை நாடுகிறது; 'அவர் வீட்டில் இருக்க முடியாது' என்று தமிழும் அவ்வழியே செல்வதால், இங்குத் தமிழரைத் தடுக்கி விழச்செய்வது ஏதுமில்லை.

தன்மைக்கு 'ஷேல்', ஏனைய இடங்களுக்கு 'வில்' என்று ஜான் வாலிஸ் 1653-இல் எழுதிவைத்த விதிக்குப் பாடநூல்கள் ஒதுக்கிவரும் பக்கங்களை மேற்கண்டவற்றுக்கு மாற்றிவிடலாம். இன்றைய வழக்கில் அவ்விதிக்கு வேலை மிகக் குறைவு.

இறந்தகாலத்தில் சிக்கல் மேலும் இறுகுகிறது. 'அவர் நேற்றே போயிருக்க வேண்டும்' என்னும் தொடர், போயிருப்பார் என்ற ஊகத்தையும், போகாமல் விட்டாரே என்ற குறையையும் ஒருசேரத் தரும். ஆங்கிலம் ஊகத்துக்கு 'மஸ்ட் ஹேவ்', குறைக்கு 'ஷுட் ஹேவ்' எனப் பிரித்து, 'போக வேண்டியிருந்தது' என்பதற்கு 'ஹேட் டு' என்னும் மூன்றாம் வடிவத்தை வைத்துள்ளது. 'முடிந்தது' என்பதிலும் இத்தகைய பிளவு உண்டு. ஒருவருக்குப் பொதுவாக இருந்த ஆற்றலைக் 'குட்' குறிக்கும். ஓடிப்போய் ரயிலைப் பிடித்தது போன்ற ஒருமுறை வெற்றிக்கு 'வாஸ் ஏபிள் டு' என்பதே பொருந்தும். ரயிலைப் பிடிக்க முடியாமல் போயிருந்தால் இவ்வேறுபாடு மறைந்து, 'குட் நாட்' இரண்டுக்கும் பொதுவாகிறது. ஆகவே 'குட் நாட்' என்பதை முதலில் பழகும் மாணவர் இவ்விரு பொருளிலும் பிழையின்றி எழுதுவார். உடன்பாட்டுக்குரிய கட்டுப்பாட்டை அடுத்த பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.